அத்தானின் வெள்ளைப் பவுடர்

அந்தத் தகர டப்பாவின் மூடியை அத்தான் கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே முக்கால் டப்பா வெள்ளைப் பவுடர். டி.டி.டி. என்ற பழைய கொசு மருந்து. அலுவலகத்தில் கழித்துக்கட்டியபோது எடுத்து வந்து, குரோம்பேட்டை வீட்டுப் பரணில் வைத்திருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சுகாதாரத் துறையில் கொசு மருந்து அடிக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆட்களுடன் தெருத்தெருவாக நடந்து, சுவர் சுவராக மருந்து அடிக்க வைத்தவர். மலேரியா குறைந்ததில் தனக்கும் பங்குண்டு என்பார், அது உண்மைதான். பிறகு, அந்த மருந்து மண்ணிலும் தாய்ப்பாலிலும் தங்கிவிடுகிறது என்றார்கள். வயலுக்குத் தடை வந்தது, வீட்டுக்கும் கிடைக்காமல் போயிற்று. தன் ஆயுள்கால வேலையை விஷம் என்று பேப்பரில் படித்த நாளில் அவர் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்ததை அக்கா சொல்லியிருக்கிறாள். அந்த மருந்தில் கொசுவோடு மூட்டைப்பூச்சியும் ஒழிந்திருந்தது. ஆகவே, எல்லா வீடுகளுக்கும் மூட்டைப்பூச்சி திரும்பியபோது, ஊரில் அவர் ஒருவருக்கு மட்டும் அதில் ஒரு சின்னத் திருப்தி. “தடை போட்டாங்க, வந்துடுச்சு” என்பார்.

அவர் வீட்டுக்கும் வந்தது, வரக்கூடாத நேரத்தில். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தது. குழந்தைக்கென்று ஒழித்த அறையின் கட்டிலில், சட்டம் சேரும் இடத்தில் பூச்சி. பச்சை உடம்பில் ஒரு தடிப்பு தெரிந்தால் கூடுவாஞ்சேரிச் சம்பந்தி வீட்டார் தாயையும் பிள்ளையையும் அன்றே கூட்டிப் போய்விடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். அத்தான் அந்த அறை முழுக்கப் பவுடரைத் தூவப்போகிறார் என்பது அதைவிடப் பெரிய பயம். எனக்கு போன் செய்தாள்.

நான் போனதும் தாய்ப்பால் விஷயத்தை எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. “ஆயிரம் வீட்டுல அடிச்சிருக்கேன் மச்சான். அந்த வீட்டுக் கொழந்தைங்கள்லாம் வளரலயா?” என்றார். இந்தப் பூச்சிக்கு அந்த மருந்து தடைக்கு முன்பே பழகிவிட்டது என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். அதை அவரால் தாங்க முடியவில்லை. “நீ தணிக்கை ஆபீஸ்காரன். எதையும் எண்ணாம நம்ப மாட்டே. வா, எண்ணு.”

ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்தோம். கட்டில் சட்டத்திலிருந்து தீக்குச்சியால் தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு பூச்சிகளைப் பிடித்தேன். அத்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டுக் குலுக்கி, மூடியில் துளையிட்டு ஜன்னலில் வைத்தார். காலையில் பார்த்தால் பன்னிரண்டும் நடந்துகொண்டிருந்தன. முதுகெல்லாம் வெள்ளை. இரண்டு தடவை எண்ணினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “பொண்ணு பாக்க வர்றாங்கன்னு பவுடர் போட்டுக்கிட்டு நிக்குதுங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடினார். பிறகு கட்டிலின் மரைகளைக் கழற்ற ஆரம்பித்தார். சட்டங்களுக்குக் கொதிநீர், சுவர் வெடிப்புகளுக்கு வெள்ளை சிமெண்ட். மெத்தையைத் தூக்கிப் போட்டோம். பூச்சி மருந்துக் கம்பெனி ஆட்களை மட்டும், குழந்தையைக் காரணம் காட்டி, அவரே வேண்டாம் என்றார்.

இன்று மின்சார ரயிலில் சீட்டின் இடுக்கைப் பார்க்காமல் என்னால் உட்கார முடிவதில்லை. யாராவது பார்த்துவிட்டு, “பழைய மருந்தெல்லாம் நிறுத்தினதுதான் சார் காரணம்” என்கிறார்கள். கொஞ்சம் இருக்கலாம். கடும் மருந்துகள் போனதில் பூச்சியை ஒழிக்கும் வேலை கூடியிருக்கிறது. பெட்டியும் படுக்கையுமாய் ஊரே நகர்கிறது, அதுவும் உண்டு. அந்தப் பன்னிரண்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நான் அவர்களிடம் கேட்பதில்லை. அத்தானே சொல்லிவிட்ட பதில் ஒன்று இருக்கிறது.

பெயர் வைக்கச் சம்பந்தி வீட்டார் வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்த நேரமெல்லாம், பூச்சி ஏறுகிறதா என்று அத்தான் அவர் புடவைக் கரையையே பார்த்தபடி நின்றார். பிறகு, அக்கா கண்ணால் தடுத்தும் கேட்காமல், வீட்டில் பூச்சி இருந்ததையும் தானே கட்டிலைப் பிரித்துச் சுத்தம் செய்ததையும் சொல்லிவிட்டார். இன்னும் இருக்காது என்று உறுதி சொல்ல முடியாது, கூட்டிப் போவதென்றால் கூட்டிப் போகலாம் என்றார். அந்த அம்மாள் தன் புடவைக் கரையைக் குனிந்து பார்த்தார்.

“எங்க வீட்லயும் இருக்குது சம்பந்தி. நாங்கதான் வெளிய சொல்லல. கொழந்த இங்கயே இருக்கட்டும்” என்றார். அப்புறம், குரலைத் தாழ்த்தி, “நீங்க அந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தவரு. அந்தக் காலத்து மருந்து கொஞ்சம் கிடைக்குமா?”

எத்தனையோ வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்த கேள்வி அது.

“கிடைச்சாலும் வேணாம்மா” என்றார் அத்தான். “நல்ல மருந்துதான். இதுங்களுக்கு அது வெறும் பவுடரு.”