படத்துக்கு வைத்த குங்குமம்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் ஓர் எண்ணெய் ஓவியம் தொங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் என் மாமியார் ஸ்டூல் போட்டு ஏறி, அவள் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கண்ணாடி கிடையாது, நேரே வண்ணத்தின் மேலேயே. கல்லூரியில் ஓவிய வரலாறு நடத்துகிற எனக்கு வயிறு எரியும். சொன்னால், "அவ நம்மாத்து மகாலக்ஷ்மிடி. மூஞ்சியில என்ன சாந்தம் பாரு" என்பார்.

சாந்தமாவது மண்ணாங்கட்டியாவது. அந்த முகத்தில் இருப்பது கோபம். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே காலி நாற்காலி. மல்லிகைச் சரம் தலையில் இல்லை, தரையில் கிடக்கிறது. கழுத்தும் கையும் மூளி. பட்டுப்புடவை என்று எல்லோரும் மெச்சும் மஞ்சள், பழைய வார்னிஷ் பழுத்த நிறம். சட்டத்தின் விளிம்பு மறைத்து, வார்னிஷ் படாமல் போன இடத்தில் புடவை வெள்ளையாகவே இருக்கிறது. குங்குமத்துக்கு அடியில் இருக்கும் நெற்றியைத்தான் யாரும் பார்த்ததில்லை.

என் கணவர் இறந்த வருஷம் கொலு வைக்கவில்லை. அடுத்த வருஷம் வைத்தோம். படி கட்டியது நான், சுண்டல் தாளித்தது நான். வந்த பெண்களுக்கெல்லாம் குங்குமம் கொடுத்த மாமியார், என்னிடம் வந்ததும் சிமிழை அப்படியே அடுத்தவளுக்கு நீட்டினார். கல்லூரிக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் போகிறேன். அதற்கு அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவர் கையால் கிடைக்காது. பிறகு ஸ்டூலில் ஏறி, மிச்சத்தைப் படத்துக்கு வைத்தாரே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை பஞ்சால் அந்த நெற்றியை மெல்லத் துடைத்தேன். அடியில் பொட்டே இல்லை. மாமியாரை அழைத்து நாற்காலி, பூ, புடவை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"அவளும் என்னை மாதிரிதாம்மா. அவளுக்கு இத்தனை வருஷமா வெச்சேள். எனக்கும் வெச்சா என்ன?"

அவர் வெகுநேரம் படத்தையே பார்த்தார். கண் கலங்கியது. என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"தெரியாமப் பண்ணிண்டிருந்திருக்கேனே" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேண்டுமென்றே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சிமிழோடு வந்தவர் என்னைத் தாண்டி, படத்தையும் தாண்டி, பூஜை அறைக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு பொட்டு கேட்கப் போய், அவளுக்கு இருந்ததும் போயிற்று.