இருபத்து நாலு யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் என் தங்கை வீட்டில் ஒரு கணக்குப் பாடம் நடத்தினேன். கிடைத்த சம்பளம்? தலைவலி!

தங்கை மகள் மாலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளையும் பிள்ளையையும் அழைத்துப் போக பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவள் புருஷன் சேகரும் மாமியாரும் வந்தார்கள். கூடவே சேகரின் பெரிய மாமா... ஓய்வு பெற்ற அரசாங்கக் குமாஸ்தா. எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் அவருக்குக் காப்பி இறங்காது.

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். செல்லில் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு இருக்கிறது, இருபத்தோராம் ஜோடியில் இரண்டுக்குப் பதில் மூன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“மூணுன்னா... எல்லாமே மூணு மூணா டீச்சர்?” என்றார் மாமியார். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் என்னிடம் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் செய்கிற அதே தப்பு!

“இல்லக்கா. எல்லாமே மூணுன்னா அறுபத்தொன்பது ஆயிடும். இது ஒரு ஜோடியில மட்டும் ஒண்ணு கூட. நாப்பத்தாறும் ஒண்ணும் நாப்பத்தேழு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? பெரிய மாமா விடுவாரா?

“அப்பன் இருபத்து மூணு, ஆத்தா இருபத்து மூணு. சரியா? நாப்பத்தேழு வரணும்னா ஒரு ஆளு இருபத்து நாலு குடுத்திருக்கணும். யாரு?”

கணக்கு சரிதான் – அதுதான் எரிச்சல்! கேள்விதான் தப்பு. முட்டையிலோ விந்திலோ ஒரு ஜோடி பிரியாமல் போயிருக்கிறது. யார் கையிலும் இல்லாத விஷயம். யார் பக்கம் என்று டாக்டருக்கே தெரியாது. சொன்னேன். தொண்டை வறளச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

“நம்ம குடும்பத்துல இப்படி யாரும் இல்ல லா. மாலா பக்கந்தான். கொஞ்ச காலம் ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

‘கொஞ்ச காலம்’ என்றால் எவ்வளவு காலம் என்று நமக்குத் தெரியாதா? மாலா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள்.

சேகர் எழுந்தான்.

“அந்த இருபத்து நாலு என்னோடது மாமா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ அப்படித்தான். இப்ப என்னைக் கொண்டுபோய் எங்க விடப் போறீங்க?”

மாமியார் எழுந்துபோய்ப் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

சாயந்திரம் தொட்டில், பால் டின், பெட்டி எல்லாம் காரில் ஏறின. மாலாவும் பிள்ளையும் ஏறினார்கள். சின்ன கார்... இன்னொரு ஆளுக்கு இடமில்லை.

பெரிய மாமாவை பஸ் ஏற்றிவிடும் பொறுப்பை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.