மூன்றாம் கவுன்டர் அத்தை

அத்தை ஒருநாள் லீவு போட்டால் நாட்டின் கஜானாவே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். அரசு வங்கியின் மூன்றாம் கவுன்டரில் அவள் ஓங்கி ஒரு சீல் குத்தினால், நாலு தெரு தள்ளி இருக்கும் கடன்காரன் தூக்கத்திலேயே எழுந்து வணக்கம் வைப்பான். அவளுடைய அண்ணன் மகள் பள்ளிக்கூடம் முழுக்க இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். கணக்கில் கோட்டைவிட்டு, அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதாகப் பேர் பண்ணுகிற அந்த மகராசிதான் இதையும் எழுதுகிறாள். ஆகவே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அத்தைக்கு அப்படியொன்றும் பெருமையில்லை. தலைக்கு மேலே சுற்றும் ஃபேனில் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். பதவி உயர்வு இரண்டு முறை வாசல்வரை வந்து அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டது. எதிரே இருந்த தனியார் வங்கி அவளைக் கூப்பிட்டது. ஏசி, ஒன்றரை மடங்கு சம்பளம். என்ன, வீடு திரும்ப ராத்திரி ஒன்பதாகும்.

"பேசாம போயிடு. எத்தனை நாளைக்கு அந்த ஃபேன் கச்சேரியைக் கேட்டுக்கிட்டிருப்ப?" என்றார் மாமா.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நல்ல புடவையோடு எதிர் வங்கிக்குப் போனாள். கண்ணாடிக் கதவைத் திறந்த செக்யூரிட்டி, "புதுசா?" என்றார்.

"இன்னும் சேரலைங்க."

"சேர்ந்தாலும் புதுசுதாம்மா. பேரைப் பழகறதுக்குள்ள கிளம்பிடறாங்க. அதனால இங்க எல்லாருமே எனக்குப் புதுசுதான்."

உள்ளே சோபாவில் ஒரு தையல்காரர் செக் புத்தகத்தோடு புலம்பிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு தடவையும் வேற ஆளு. என் கதையை முதல்லருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு."

அத்தைக்குக் கை சும்மா இருக்குமா? வாங்கிப் பார்த்து, எங்கே கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினாள். அத்தோடு நின்றிருக்கலாம். "எதுக்கு இந்தப் பாடு? எதிர்ல எங்க பேங்குக்கு வந்துடுங்க. மூணாம் கவுன்டர். எப்ப வந்தாலும் நான் இருப்பேன்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேனேஜர்.

"மேடம், இன்டர்வியூவுக்கு வந்துட்டு எங்க கஸ்டமரையே தள்ளிக்கிட்டுப் போறீங்களே!"

அத்தைக்கு முகம் செத்துப்போனது. அவரோ சிரித்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க. நானும் அதுவரைக்கும் இங்க இருந்தா பார்ப்போம்."

திரும்பி வந்தால், அவள் கவுன்டருக்கு வந்த கூட்டத்தையும் இரண்டாம் கவுன்டர் தோழி பார்த்து அனுப்பியிருந்தாள். "இவ்வளவு சிங்காரிச்சுக்கிட்டு எங்கடி போன?"

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு சீலைக் கையில் எடுத்தாள். போன வருஷம் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்து, அத்தை மதியமெல்லாம் அங்கே ஓடியபோதும் இந்தத் தோழிதான் இரண்டு கவுன்டரைப் பார்த்தாள். கிளை மேலாளர் ஒருநாள்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் எழுந்து நடமாடுகிறான் என்றால் டாக்டருக்குப் பாதிப் பங்கு, மீதி இந்தக் கிளைக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு கட்டைக்குரல்: "உங்க பழைய கஸ்டமர் பேசறேம்மா. நீங்க போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?"

"சொல்லுங்க ஐயா."

"அங்க போனா வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகுமாமே? அதுவரைக்கும்..." குரல் கொஞ்சம் உடைந்தது.

"எப்ப வந்தாலும் நான் இருப்பேன்னு அந்தத் தையல்காரர்கிட்ட சொன்னப்பவே முடிவாயிடுச்சுங்க ஐயா. நான் எங்கயும் போகல. ஆறு மணிக்கு வீட்டுல இருப்பேன்."

மாடியில் யாரோ துள்ளிக் குதித்தார்கள்.

"ஆமா, நான் எப்ப வீட்டுக்கு வந்தா கஸ்டமருக்கு என்னங்க? பக்கத்து வீட்டு அக்கா போனைத் திருப்பிக் குடுத்துட்டு, வாயில வச்சிருக்கிற துண்டையும் எடுத்துட்டு, கணக்குப் புத்தகத்தோட கீழ வாடி கழுதை."