டயல் மாற்றின மணிக்கூடுகள்

ஊரை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் வீடு வாங்கிக் கொஞ்சக் காலத்துக்குப் பிறகுதான் என் கணவர் பழைய ரயில்வே மணிக்கூடுகளைச் சேர்க்கத் தொடங்கினார். சங்கிலி போட்டுச் சட்டைப் பைக்குள் வைக்கிற பெரிய அமெரிக்க மணிக்கூடுகள். ஓடுகிற ரயிலில் நின்று பார்த்தாலும் நேரம் தெரியவேண்டும் என்று, வெள்ளை எனாமல் டயலில் தடித்த கறுப்பு இலக்கங்கள் போட்டிருக்கும். அவர் ரயில்வேயில் இருந்தவரல்ல. ஊரில் நில அளவையாளர். இங்கே வந்து கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் பிழை பார்க்கிற வேலை. நாள் முழுக்கப் பிழை தேடியது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் தேடினார்.

நான் ஒரு பல் ஆய்வகத்தில் பீங்கான் பல் செய்தேன். ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணுக்குச் சட்டென்று தெரியும். அதனால் பழம்பொருள் சந்தைக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

அந்த வியாபாரத்தில் கள்ள டயல் நிறைய. உடைந்த டயலைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஒட்டி வைப்பார்கள். வெறும் டயலில் ஒரு ரயில்வேயின் பெயரைப் புதிதாக அச்சடித்து, அபூர்வமான சாமான் என்று விற்பார்கள். பழைய எனாமலில் தலைமயிர் மாதிரி வெடிப்பு ஓடியிருக்கும். எழுத்து ஆதியிலேயே சூளையில் சுட்டதென்றால் வெடிப்பு அந்த எழுத்தையும் அறுத்துக்கொண்டு போகும். வெடிப்புக்கு மேலே எழுத்து முழுசாக நின்றால் அது பிறகு ஏறின எழுத்து.

"இஞ்ச பாரும்," என்று லென்ஸை என்னிடம் தருவார். "வெடிப்பு எங்கால போகுது?"

"எழுத்துக்குக் கீழால."

"அப்ப கள்ளன்."

எதிரே நிற்கிற வியாபாரிக்குத் தமிழ் விளங்காது என்ற துணிவில் இரண்டு பேரும் சிரிப்போம். கலியாணம் கட்டின நாளிலிருந்து நாங்கள் அதிகம் கதைத்ததும் சிரித்ததும் அந்தச் சந்தைகளில்தான்.

மகள் கலியாணம் முடித்து சிட்னிக்குப் போய், குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு கட்டினாள். அவரும் வேலையை விட்டார். ஒருநாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது மேசையில் தன் மணிக்கூடுகளிலேயே நல்லதைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஆரோ டயலை மாத்திப்போட்டினம்," என்றார்.

நான் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். வெடிப்பு எழுத்துகளை அறுத்துக்கொண்டு போயிருந்தது. நாலுக்குப் பக்கத்தில் இருந்த மண்ணிறப் பொட்டும் அப்படியே இருந்தது. வெள்ளையும் அதே வெள்ளை.

"இது அதே டயல்தானே," என்றேன்.

"அதே மாதிரித்தான் செய்திருக்கிறாங்கள். நல்ல வேலைக்காரன்."

பகிடி என்று நினைத்தேன். ஆனால் அவர் லென்ஸைத் திரும்ப வாங்கி இன்னொருமுறை பார்த்தார். அடுத்த கிழமை இன்னொன்று. பிறகு எல்லாமே மாற்றியவை என்றார். கதவுப் பூட்டை மாற்றினார். மகளுக்குப் போன் எடுத்தேன். "ஹி இஸ் கெட்டிங் ஓல்ட், அம்மா. டோன்ட் வொரி," என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். அது பிழை விடாத கண்.

ஒரு காலமை தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கிக்கொண்டு குசினி வாசலில் நின்றார்.

"நன்றி. நீங்கள் எப்ப போவியள்?"

அவர் என்னை ஒருநாளும் 'நீங்கள்' என்றதில்லை. 'நீர்' என்பார், கோபம் வந்தால் பேசாமல் இருப்பார்.

"நான் எங்க போறது?"

"அவ வரப்போறா. நீங்கள் அவவின்ர சட்டையையும் போட்டிருக்கிறியள்." கிட்ட வந்து, தலையைச் சரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தார். "அச்சொட்டா அவதான். ஆனா அவ இல்லை."

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. கலியாணப் படத்தைக் காட்டினேன். கையில் இருந்த பழைய நெருப்புச் சூட்டுத் தழும்பைக் காட்டினேன். ஊரில் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த கதைகளைச் சொன்னேன். ஒவ்வொன்றைக் கேட்டபிறகும் அவருடைய சந்தேகம் கூடியது. இவ்வளவும் விசாரித்து வைத்திருக்கிற ஒருத்தி தன் வீட்டுக்குள் வந்து நிற்கிறாள் என்று நடுங்கினார். ஒருநாள் பொலிசைக் கூப்பிட்டார். என் வீட்டு வாசலில் நின்று, இரண்டு இளம் பொலிஸ்காரருக்கு என் லைசென்சைக் காட்டி, நான்தான் நான் என்று சொன்னேன்.

மூளையில் வந்த நோய் என்றார் டாக்டர். சிலருக்கு மிக நெருங்கின ஆளைத்தான் இப்படி மறுக்கத் தோன்றுமாம். வாதாட வேண்டாம் என்றார். நெருங்கின ஆள் என்று அவர் சொன்னதைத் தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்து, அதற்குள் இருந்து அழுதேன்.

கடைசியில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். நான் பார்க்க வருகிற ஒரு அன்ரி என்று அவர் வைத்துக்கொண்டார். மரியாதையாகக் கதைப்பார், கதிரையைக் காட்டி இருக்கச் சொல்வார். ஒருநாள் பிசைந்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்:

"என்ர மனுசி வரமாட்டா. அவவுக்கு என்னில கோவம்."

"ஏன் கோவம்?"

"இந்த நாட்டுக்கு வர அவவுக்கு விருப்பமில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். ஒருநாளும் வாய் திறந்து சொல்லேல்லை. ஆனா எனக்குத் தெரியும்."

உண்மைதான். அத்தனை வருடமும் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அவவுக்கு இப்ப கோவம் இல்லை," என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அடுத்த வாய் சோற்றை நீட்டினேன். வாயைத் திறக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு, பாவம் இந்த மனுசிக்கு என்ன தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார்.