இல்லாத துடக்கு

என் மகள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வடமாகாணப் பெண்கள் டென்னிஸ் சம்பியனாக இருந்தாள். அதற்குமேல் அவள் போகாததற்கு நான்தான் காரணம்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது, இரண்டு கிழமையில் நடக்கவிருந்த தேசிய அணிக்கான தெரிவுப் போட்டிக்குக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. தெரிவானால் அங்கேயே தங்கிப் பயிற்சி பெறவேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அவள் டொக்டராக வேண்டுமென்று நான் முடிவு செய்திருந்தேன். தாயில்லாத பிள்ளையைத் தனியே விடவும் பயம். வேண்டாமென்று சொன்னால் அவள் கேட்கமாட்டாள். கொக்குவில் மைதானத்தில் தோற்கும் நிலையிலிருந்து எத்தனையோ ஆட்டங்களை வென்றவள். வீட்டு வாக்குவாதத்திலும் அப்படித்தான்.

அந்தக் கிழமை இணுவிலில் என் மாமியின் கணவர் காலமானார். மாமி என் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்து வேறு குடும்பத்துக்குப் போனவர். சாவுத் தீட்டைத்தான் நாங்கள் துடக்கு என்போம்; கோயிலுக்குப் போகாமல் முப்பத்தொரு நாள் அதைக் காப்பது இறந்தவரின் தந்தைவழிப் பங்காளிகள். எங்களுக்குத் துடக்கே இல்லை. இந்த விஷயங்களை ஊரில் பலர் என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

மகளோ கந்தசுவாமி கோயிலில் ரக்கெட்டை வைத்துக் கும்பிடாமல் எந்தப் போட்டிக்கும் போனதில்லை. செத்தவீட்டால் வந்து குளித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"எங்களுக்குத் துடக்கு, பிள்ளை. முப்பத்தொண்டு முடியாமல் கோயிலுக்குப் போகேலாது."

"அப்ப நான் கொழும்புக்குப் போகேல்லை, அப்பா" என்றாள்.

அவள் வாயாலேயே அது வருமென்று எனக்குத் தெரியும்.

அவளிடம் இரண்டு முறை தோற்ற பெண் தெரிவாகி, வெளிநாடுகளில் நாட்டுக்காக ஆடினாள். என் மகள் டொக்டராகவும் வரவில்லை. கணிதம் படிப்பிக்கிறாள்.

போன மாதம் அந்த மாமியின் மகன் இறந்தார். துடக்கென்று நினைத்துக் கோயில் வாசலில் நின்றபடி கும்பிட்ட மகளிடம் ஐயர் விசாரித்துவிட்டு, உங்களுக்குத் துடக்கில்லை, உள்ளே வாருங்கள் என்றாராம். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அப்ப அவரின்ரை அப்பா செத்தபோதும் எங்களுக்கு இருக்கேல்லைத்தானே?"

ஓம் என்றேன். தெரிந்துதான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். காரணத்தை அவள் கேட்கவில்லை.

"வேண்டாமெண்டு சொல்லியிருந்தா உங்களோடை சண்டை பிடிச்சிருப்பன். அதுக்குக்கூட விடேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே போனாள். முருகன்தான் விடவில்லை என்று இத்தனை வருடமும் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அந்த ஆறுதலையும் நான் எடுத்துவிட்டேன்.