வட்டகொடை மலையில் ஒரு சைலன்சர்

விடியக் காலை ஐந்தரைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டேன். எழுபத்தொன்பதாம் ஆண்டு, மாசி மாதம். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுக்கிற என் தங்கை மேரிக்கு மூன்று மாதத்துக்கு முன் ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாய்மாமன் நான் இன்னும் முகம் காட்டவில்லை. ரயிலில் போயிருக்கலாம்தான். ஆனால் நான் மோட்டார் சைக்கிள் திருத்திப் பிழைக்கிறவன். புது சைலன்சர் மாட்டிய வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு ரயிலேற எனக்கென்ன பைத்தியமா?

சைலன்சர் பஞ்சிகாவத்தையில் நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கியது. உள்ளே தடுப்பு குறைவு, புகை தாராளமாக வெளியேறும். அப்படி வெளியேறினால் எஞ்சின் காற்றையும் கூடுதலாக இழுக்கும், அதற்குத் தக்கபடி பெற்றோலும் ஊட்ட வேண்டும். அதற்காகக் காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டைப் பெரிதாகப் போட்டிருந்தேன். அவிசாவளை வரை வண்டி சொன்ன சொல் கேட்டது. அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கித்துள்கலையில் களனி கங்கை ஓரமாகப் போகும்போது சத்தம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கினிகத்தேனை ஏற்றத்தில் அந்த மரியாதை போயிற்று. வண்டி இருமத் தொடங்கியது, கறுப்புப் புகையைக் கக்கியது. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான். ரோட்டோ ரோட்டே இல்லை, பள்ளத்துக்குப் பள்ளம் பாலம் கட்டியது போலக் கொஞ்சம் தார். இந்த மலைத் தேயிலையை விற்று ஒரு நாடே சாப்பிடுகிறது, இந்த மலைக்கு ஒரு தாச்சி தார் ஊற்ற எவனுக்கும் மனம் வரவில்லை.

றொசல்ல ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்துக் கிடந்தது. மேலே ஏற ஏறக் காற்று மெலிசு, ஆனால் என் பெரிய ஜெட் கொழும்புக் கணக்கில் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜெட்டை ஓர் அளவு சிறிதாக்கினேன். காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினேன், அப்படிச் செய்தால் ஊசி கீழே இறங்கிப் பெற்றோல் குறையும். ஒரு மைல் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைப் பார்த்தேன். இன்னும் கறுப்பு. இன்னொரு பள்ளம். இந்தத் தடவை பிளக் நல்ல சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஹட்டன், கொட்டகலை தாண்டித் தலவாக்கலை வரை வண்டி ஆழமான, நிதானமான குரலில் டும்டும் என்று ஏறியது.

தலவாக்கலையிலிருந்து வட்டகொடைப் பக்கம் திரும்பித் தோட்ட ரோட்டில் ஏறினேன். மணி பத்தரை இருக்கும். முதல் வளைவிலேயே மலைமேல் ஒரு பெண் "ஓ...ய்" என்று நீட்டிக் கூவினாள். அந்தக் கூவல் நிரை நிரையாகத் தாவிப் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், பேசிக்கொண்டிருந்தவர்கள் குனிந்தார்கள். கீழே பிள்ளைக்காம்பராவிலிருந்து, அதுதான் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம், நாலைந்து பெண்கள் சேலையை இழுத்து மாரை மூடிக்கொண்டு ஏற்றத்தில் ஓடி வந்தார்கள். கல்லில் தடுக்கி முழங்கால் பதிய விழுந்து எழுந்தவள் என் தங்கை.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். இரவிக்கை நனைந்திருந்தது.

"நீங்களாண்ணே?" என்றாள். "சின்ன தொரைனு நெனச்சு புள்ளைய மாருலருந்து பிடுங்கிப் போட்டுட்டு வாறேன்."

அவள் மூச்சு வாங்கிச் சொன்னதன் சாரம் இது. முன்பு பால் கொடுக்கிற தாய்மார் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை பிள்ளைக்காம்பராவுக்குப் போய் வருவார்கள். புதிதாக வந்த சின்ன தொரை, அதாவது தோட்டத்தின் உதவி மனேஜர், காலை முறையை நிறுத்திவிட்டார். கொழுந்து குறைகிறதாம். மீறிப் போனால் அரைப்பேர், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். அவர் வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளில்தான் வருவார். அதன் சத்தம் ஒரு மலைக்கு முன்னாலேயே கேட்கும், கேட்டதும் கூவுவார்கள், களவாகப் பால் கொடுக்கப் போன தாய்மார் ஓடி வந்து நிரையில் நின்றுகொள்வார்கள். என் புது சைலன்சரைப் பார்த்துப் பார்த்து நான் ட்யூன் பண்ணிக் கொண்டுவந்தது அச்சு அசலாக அந்தச் சத்தத்தை.

மூன்று மாதப் பச்சைப்பிள்ளை பால் குடிப்பதில் எந்தத் தேயிலைச் செடி வாடிப்போகிறது? சட்டம் போட்டவனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாள்தானே?

விட்ட பாலைக் கொடுக்க மேரி திரும்பவும் கீழே இறங்கினாள். நான் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்துப் பக்கம் வண்டியை விட்டேன். அரைமணி கழித்து மறுபடியும் சத்தம் கேட்டிருக்கிறது. மேரியின் அண்ணன்தான் திரும்பி வருகிறார் என்று நினைத்து மலையில் ஒருத்தியும் கூவவில்லை. வந்தது சின்ன தொரை. பிள்ளைக்காம்பரா வாசலில் வண்டியை நிறுத்தி, குழந்தையும் கையுமாக இருந்த மேரிக்கு அங்கேயே அரைப்பேர் போட்டார். இன்னொரு முறை பிடிபட்டால் வேலையே இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பின்னேரம் நான் சின்ன தொரையின் பங்களாவுக்குப் போனேன். பின்பக்கமாக வரச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், பின்பக்கம் மட்டும் போகவில்லை. என் வயதுதான் அவருக்கும் இருக்கும். எங்களிடம் பேசும் தமிழில் 'ங்க' என்பதே வராது. நான் தங்கையின் கதையைச் சொல்லச் சொல்ல அவர் என் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ மெக்கானிக்கா?" என்றார். "என் வண்டிச் சத்தத்த இல்லாமப் பண்ணு. நான் வாறது அவளுகளுக்குத் தெரியக் கூடாது. பண்ணிக் குடு, தங்கச்சி அரைப்பேர முழுப்பேரா மாத்துறேன்."

பத்து நிமிட வேலை அது. குழலுக்குள் தடுப்பை இறுக்கி, அதற்கேற்ப பெற்றோலைக் குறைத்தால் வண்டி பூனை மாதிரி வரும். காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லயத்துக்கு வந்தேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிடும்போது மேரியிடம் சொன்னேன். என்னத்தை மறைக்க, செய்து கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளுக்கு வேலை போனால் அந்தக் குழந்தையின் கதி என்ன?

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "என்னோட அரைப்பேருக்காக இந்த மலையையே செவிடாக்கிட்டுப் போகப் போறீங்களா? புள்ளக்காரிங்க எட்டுப் பேரு இருக்கோம்ணே."

காலையில் தொரையின் வண்டியைப் பிரித்துப் போட்டேன். பார்த்துவிட்டு, உண்மையும் பொய்யும் பாதிப் பாதியாகச் சொன்னேன். சத்தத்தை அடைத்தால் எஞ்சின் மூச்சு முட்டும், இந்த ஏற்றத்தில் இழுக்காது. திறந்துவிட்டால் குதிரை மாதிரி ஏறும். தொரைக்கு எது வேண்டும்? வண்டி வைத்திருக்கிற எந்த ஆம்பிளையும் இந்தக் கேள்விக்கு அடக்கம் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவரும் சொல்லவில்லை. சைலன்சருக்குள் இருந்த தடுப்புக் குழலை உருவி எடுத்தேன். காபரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தினேன். உதைத்து எழுப்பினேன். பங்களாவின் சன்னல் கண்ணாடி நடுங்கியது. தொரை ஒரு சுற்றுப் போய்வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அரைப்பேரைப் பற்றிக் கேட்டேன். சத்தம் குறையவில்லையே, அது வேறு இது வேறு என்றார். வேலை செய்ததற்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி வந்தது. அதுவும் வேலைக்காரர் கோப்பையில். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

நானுஓயா வழியாக நுவரெலியா பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கொழும்பில் கிளம்பும்போது நினைத்திருந்தேன். ஊரே மெச்சுகிற குளிரும் பூந்தோட்டமும் இனி எனக்கு எதற்கு? பிள்ளைக்காம்பராவுக்கு மேலே ரோட்டோரம் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன். கீழே வாசலில் மேரி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் பையன்கள் நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்று என்னிடம் சத்தம் கேட்டு வருவார்கள். இங்கே ஒரு தாய் பிள்ளைக்குப் பாலூட்டுவதற்குத் தொரையின் வண்டி கத்த வேண்டியிருக்கிறது. கேட்க நாதியில்லை.

தொலைவில், முன்னைப் போல ஒரு மலையல்ல, இரண்டு மலைக்கு அப்பால், அந்த வண்டி எழும்பிய சத்தம் கேட்டது. மேலே யாரோ கூவினார்கள். மேரி குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். அது குடித்து முடிக்கும்வரை இருந்தாள், வாயைத் துடைத்தாள், குழந்தைகளைப் பார்க்கிற ஆயாவின் கையில் கொடுத்தாள். பிறகு சேலையைச் சரி செய்துகொண்டு மலைக்கு ஏறினாள். ஓடவில்லை, நடந்தே போனாள்.