ஒன்பது சொன்னது யார்?

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனால் நம்பாமல் போகிறவர்கள் போகிற வழியில் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜெராக்ஸ் கடை புருஷோத்தமனை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிப் பாருங்கள். எட்டு வரைக்கும் மளமளவென்று வருவார். அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டார்.

புருஷோத்தமனுக்கு அதுவரை பேய் பயமே கிடையாது. அவருக்கு இருந்த ஒரே பயம் தன் காலைப் பற்றித்தான். அப்பா சடையப்பன் உப்பளத்தில் நாற்பது வருஷம் வெறுங்காலோடு நின்றவர். சர்க்கரை வந்தது, காலில் புண் வந்தது, முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஆறு வருஷம் கட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். அந்தக் கட்டில் இன்னும் வீட்டில் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் புருஷோத்தமனுக்கும் சர்க்கரை முந்நூற்று இருபது என்று சீட்டு வந்தபோது, அவர் சீட்டைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தார்.

தினமும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். ஆரம்ப சூரனாயிற்றே, மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நான்காம் நாளே விட்டுவிட்டார். அவர் மனைவி ஆண்டாள்தான் வழி சொன்னாள்.

"தனியா போனா டீக்கடையோட திரும்பிடுவீங்க. அந்த சைக்கிள் கிளப்புல சேந்துக்குங்க. வெக்கத்துக்காவது மிதிப்பீங்க."

மரக்காணத்தில் அப்படி ஒரு கிளப் இருந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய தட்சணாமூர்த்தி தொடங்கியது. மொத்தம் எட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை காலை 4:45-க்குப் பஸ் ஸ்டாண்டில் கூடுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுமந்தை வரை மிதித்து, அங்கே டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் திரும்புவார்கள்.

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். விளக்குக் கம்பம் கிடையாது. அதனால் தட்சணாமூர்த்தி பட்டாளத்து வழக்கம் ஒன்று வைத்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதி, "ஒண்ணு" என்பார். பின்னால் வருகிறவர் "ரெண்டு". அதற்குப் பின்னால் "மூணு". கடைசி எண் கேட்டால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கேட்காவிட்டால் மொத்தக் கூட்டமும் நின்று காத்திருக்கும். ஒரே ஆளுக்காக மூன்று முறை நிற்கும்படி ஆனால், அந்த ஆள் கிளப்பிலிருந்து வெளியே.

"அப்ப நான் ஒன்பதா?" என்று கேட்டார் புருஷோத்தமன், சேர்ந்த முதல் நாள்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் பேசிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள். எட்டாவதாக வருகிற இருசப்பன், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். காற்று நன்றாகவே இருந்தது.

"வரிசைப்படி ஒன்பதுதான்" என்றார் தட்சணாமூர்த்தி.

முதல் ஞாயிறு அவருக்காகக் கூட்டம் ஒருமுறை நின்றது. இரண்டாவது ஞாயிறு இன்னொருமுறை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சைக்கிளில் சாய்ந்தபடி, இருமிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவமானத்தில் புருஷோத்தமனுக்குக் காது சுட்டது.

இன்னும் ஒரு தடவை. அதற்குப் பிறகு தனியாகத்தான் மிதிக்க வேண்டும். தனியாக மிதித்தால் நான்காம் நாள் விட்டுவிடுவார் என்பது அவருக்கே தெரியும். அப்புறம் அந்தக் கட்டில்.

மூன்றாவது ஞாயிறு. 2006, பிப்ரவரி 26.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அன்றைக்குப் பனி எதையும் துளைக்கவில்லை, ரோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசி விளக்குக் கம்பத்தைத் தாண்டியபோது புருஷோத்தமன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ரேடியம் முள் 5:01 காட்டியது. முன்னால் இருசப்பனின் முதுகு. அதை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

5:05. விசில். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வந்து இருசப்பன் "எட்டு" என்றான். புருஷோத்தமன் மூச்சிரைக்க, "ஒன்பது!" என்றார். இருசப்பன் சட்டென்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் மிதித்தான். போன இரண்டு வாரமும் அவன் அப்படித்தான் பார்த்தான்.

அடுத்த சில நிமிஷங்களில் தொடை கல்லாகிவிட்டது. எதிர்க்காற்று வேறு. இருசப்பனின் முதுகு மங்கியது, அப்புறம் இல்லை. புருஷோத்தமனுடையது டைனமோ விளக்கு. வேகமாக மிதித்தால் எரியும், வேகம் குறைந்தால் மங்கும். இப்போது அது தன் முன்சக்கரத்தைக் காட்டவே கஷ்டப்பட்டது.

5:10. தூரத்தில் விசில்.

ஒண்ணு... ரெண்டு... கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எண்கள் வந்தன. ஏழு... எட்டு...

புருஷோத்தமன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. போச்சு, மூன்றாவது தடவை... என்று நினைத்தார்.

"ஒன்பது."

தெளிவான குரல். மூச்சிரைப்பே இல்லாத குரல். முன்னாலிருந்து வரவில்லை.

கூட்டம் நிற்கவில்லை. சக்கரங்களின் சத்தம் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால், அப்போது அவருக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. நாம்தான் சொல்லியிருக்கிறோம், களைப்பில் நமக்கே தெரியவில்லை என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். தப்பித்தோம், இனி எப்படியாவது எட்டிப் பிடித்துவிட வேண்டும்.

அங்கேதான் அவர் புத்தி கெட்டுப்போனது. ரோடு அந்த இடத்தில் உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு வளைகிறது. பாத்திகளுக்கு நடுவே போகிற கரையில் ஏறினால் குறுக்கே போய் ரோட்டைப் பிடித்துவிடலாம். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன காலத்தில் ஆயிரம் தடவை அவர் அதில் ஓடியிருக்கிறார். ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு வந்தபின் ஒன்றை மறந்துவிட்டார். உப்புக் காலம் தொடங்கியதும், கழிமுகத்து உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு விட, கரையை எங்காவது குறுக்கே வெட்டியிருப்பார்கள்.

5:12. கரையில் ஏறினார். இரண்டு பக்கமும் பாத்தி, வெள்ளையாக.

கறட்... கறட்... கறட்...

பின்னால் ஒரு சைக்கிள். செயின் கவர் உரசுகிற சத்தம்.

கடைசி ஆள் அவர்தான். அவருக்குப் பின்னால் சைக்கிள் ஏது?

மிதிப்பதை நிறுத்தினார். சத்தம் இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

மிதித்தார். கறட்... கறட்...

5:15. விசில்.

இந்த முறை அவர் வேண்டுமென்றே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஆறு... ஏழு... எட்டு...

"ஒன்பது."

இடது காதுக்குப் பின்னால். ஒரு முழம்கூட இருக்காது.

திரும்பினார். பனி. பனியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் சேற்று வாடை அடித்தது. தண்ணீருக்கடியில் வெகுநாள் கிடந்த சேற்றின் வாடை.

"யா... யாருப்பா?"

"மெதுவா வாங்க" என்றது குரல். அன்பாகச் சொன்னது. "அவசரமே இல்ல. உங்களுக்கும் சேத்து நானே சொல்லிக்கிறேன்."

அப்போதுதான் உறைத்தது. கூட்டம் நிற்காது. எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. ஒன்பது பேரும் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அனுமந்தை வரை போவார்கள். அவர் இங்கே இல்லாமல் போனாலும் அவர் எண் போய்க்கொண்டே இருக்கும்.

மிதிக்க முயன்றார். முன்சக்கரம் சட்டென்று இறங்கியது.

பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. வண்டி நின்றதும் விளக்கும் அணைந்தது.

இருட்டு.

கீழே... எங்கோ கீழே... தண்ணீர் சலசலத்தது.

கேரியரில் ஒரு கை.

பின்தங்கியவனை லேசாகத் தள்ளிவிடுவார்களே, அப்படி. வலிக்காமல், நட்பாக... முன்னால் தள்ளியது.

காலைச் சேற்றில் ஊன்றினார். கால் வழுக்கியது.

இன்னும் கொஞ்சம் தள்ளியது.

5:20. விசில்.

ஒண்ணு...

கத்த வேண்டும். 'காப்பாத்துங்க' என்று கத்த மூச்சு இல்லை. ஒரு சொல்லுக்குத்தான் இருந்தது.

நாலு... அஞ்சு...

'ஒன்பது' என்று சொன்னால்? அதுவும் சொல்லும். இரண்டும் ஒன்றாகக் கேட்கும். யாரும் வரமாட்டார்கள்.

ஏழு... எட்டு...

"ஒன்பது" என்றது அவர் காதில்.

உடம்பில் இருந்த உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து புருஷோத்தமன் கத்தினார்.

"பத்து!"

...

தூரத்தில் சக்கரங்களின் சத்தம் நின்றது.

மூன்று விசில். கூட்டத்தை நிறுத்துகிற விசில்.

கேரியரிலிருந்து கை போயிருந்தது.

தட்சணாமூர்த்தியும் மற்றவர்களும் குரல் வந்த திசையைப் பிடித்து டார்ச்சோடு வந்து சேர்ந்தபோது மணி 5:31. புருஷோத்தமன் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கரையைக் குறுக்கே வெட்டிய வாய்க்காலில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குத் தண்ணீர். அதன் விளிம்பைத் தாண்டி முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பின்னால் சேற்றில் ஒரே ஒரு சைக்கிள் தடம்தான், அவருடையது. கேரியர் கம்பி மட்டும் நனைந்து, தொட்டால் பிசுபிசுத்தது.

"ஏம்பா, பத்துன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் தட்சணாமூர்த்தி.

"நான்தாங்க."

"அப்ப ஒன்பது?"

டார்ச்சை அணைக்காமலே எல்லாரும் ரோட்டுக்கு நடந்தார்கள். அதோடு கிளப்பில் எண் சொல்லும் வழக்கம் போயிற்று.

அன்று சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இருசப்பன் வந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"அண்ணே, பின்னாடி வந்த வண்டியில செயின் கவர் உரசுச்சா?"

புருஷோத்தமன் அதைப்பற்றி யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"கலியபெருமாள் வண்டிண்ணே அது. என் கூட்டாளி. போன வருசம் மாசி வரைக்கும் அவன்தான் ஒன்பது. உங்களை மாதிரியே மூச்சு வாங்கிட்டு வருவான். அவனுக்காக ரெண்டு தடவை நின்னாச்சு. சுனாமி வந்த ரெண்டாவது மாசம்... ஒரு ஞாயித்துக்கிழமை. இதே பனி. அவன் பின்தங்கிட்டான். குறுக்கால பிடிச்சிடலாம்னு கரையில ஏறியிருக்கான், எங்களுக்குத் தெரியல. அஞ்சேகாலுக்கு விசில் அடிச்சாரு. ஒன்பதுன்னு வரல. மூணாவது தடவை நின்னா அனுப்பிடுவாங்களேன்னு... அவன் குரல்ல நானே சொல்லிட்டேன்."

புருஷோத்தமன் அவன் கையைப் பிடித்தார்.

"ஏழு மணிக்கு உப்பளத்து ஆளுங்கதான் கரைய வெட்டுன வாய்க்கால்லேருந்து அவன் உடம்பத் தூக்குனாங்க. கையில கட்டியிருந்த வாட்ச் அஞ்சு பன்னெண்டுல நின்னுபோயிருந்துச்சு. நான் சொல்லாம இருந்திருந்தா திரும்பிப் போயிருப்போம். இது இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

"நல்லதுக்குன்னு செஞ்சது. விடுப்பா. அஞ்சு பன்னெண்டுக்கே விழுந்துட்டான்னா, திரும்பிப் போயிருந்தாலும்..."

"அதுக்கில்லண்ணே." இருசப்பன் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அஞ்சு இருவதுக்கு, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, எனக்குப் பின்னாடி 'ஒன்பது'ன்னு அவன் குரல் வந்துச்சு. அஞ்சு இருவத்தஞ்சுக்கும் வந்துச்சு. செயின் கவர் உரசுற சத்தமும் கேட்டுச்சு. சரி, வந்து சேந்துட்டான்னு நானும் திரும்பிப் பாக்கல. அனுமந்தைல எறங்கி ஒன்பது டீ சொல்லிட்டோம்ண்ணே... கிளாஸ எடுக்கும்போதுதான் பாத்தோம், எட்டுப் பேருதான் இருந்தோம்."